‘அன்டிஃபைன்ட் வேரியபிள்’: இணையக் கடைத் தளத்தில் வரும் இந்த எச்சரிக்கை என்ன சொல்கிறது, எப்படிச் சரிசெய்வது

இணையக் கடை ஓடும் சர்வரில், அதன் நிரல் மொழியான பிஎச்பியின் பதிப்பை 7.4-லிருந்து 8-க்கு உயர்த்துகிறார்கள். மறுநாள் கடையின் பக்கத்தைத் திறந்தால், விலைப் பட்டியலுக்கு மேலே ‘வார்னிங்: அன்டிஃபைன்ட் வேரியபிள்’ என்று தொடங்கி நீளமான கோப்புப் பாதையோடு முடியும் வரிகள் நிற்கின்றன. கடைக்காரர் எதையும் தொடவில்லை. தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ், அதில் கடையைச் சேர்க்கும் வூகாமர்ஸ், அவற்றின் மேல் கூடுதல் வசதிக்காகப் போட்ட செருகுநிரல்கள் (பிளகின்கள்) எல்லாம் நேற்றுவரை ஓடியவைதான். பிறகு இது எங்கிருந்து வந்தது?

பலர் உடனே செய்வது இரண்டில் ஒன்று. எச்சரிக்கையைத் திரையிலிருந்து மறைத்துவிடுவார்கள், அல்லது அந்த வரிக்கு மேலே ‘மாறி = 0’ என்று ஒன்றை எழுதிவிடுவார்கள். இரண்டிலும் திரை சுத்தமாகிவிடும். ஆனால் பில் தொகை சரியாக வருகிறதா என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை. கடைத் தளத்தைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வி.

## மாறி, மதிப்பு, இல்லாத மாறி

மாறி என்பது ஒரு மதிப்புக்கு நாம் வைக்கும் பெயர். பிஎச்பியில் அது டாலர் குறியோடு தொடங்கும்:

$தள்ளுபடி = 50;

(தமிழ்ப் பெயரை பிஎச்பி ஏற்குமா என்ற ஐயம் வேண்டாம், ஏற்கும். நடைமுறையில் எல்லோரும் ஆங்கில எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள். இங்கே படிக்க எளிதாக இருக்கத் தமிழில் எழுதியிருக்கிறேன்.)

சில மொழிகளில் மாறியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பிஎச்பியில் அந்தக் கட்டாயம் இல்லை. முதன்முதலில் மதிப்பு கொடுக்கும் இடத்திலேயே மாறி பிறந்துவிடுகிறது. அப்படிப் பிறக்காத ஒரு பெயரைப் படிக்க முயன்றால் பிஎச்பி வேலையை நிறுத்துவதில்லை. ‘இப்படி ஒரு மாறி இல்லை’ என்று எச்சரித்துவிட்டு, ‘நல்’ எனப்படும் வெற்று மதிப்பை வைத்துக்கொண்டு மேலே போகிறது. கணக்கில் அந்த வெற்று மதிப்பு 0 ஆகிவிடும், எழுத்துத் தொடரில் ஒன்றுமில்லாமல் போய்விடும். இடைவிடாமல் ஓடுவது வசதி போலத் தெரியும். பிழையான கணக்கு கடைசிவரை போய்ச் சேர்வதும் இதே வழியில்தான்.

## நேற்றுவரை இல்லாதது இன்று ஏன்?

பிஎச்பி தன் முறையீடுகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. லேசானது ‘நோட்டீஸ்’. அதற்கு மேல் ‘வார்னிங்’. ஓட்டத்தையே நிறுத்துவது ‘ஃபேட்டல் எரர்’. இல்லாத மாறியைப் படிப்பது 7.4 வரை வெறும் நோட்டீஸ். பிஎச்பி உருவாக்குநர்களில் ஒருவரான நிகிதா பொபோவ் 2019-இல் முன்வைத்த திட்டத்தின்படி, 2020 நவம்பர் 26-இல் வெளிவந்த 8.0 பதிப்பில் அது வார்னிங்காக உயர்ந்தது. பல மதிப்புகளைச் சாவி (கீ) என்ற பெயரிட்டு அடுக்கிவைக்கும் அர்ரேயில் இல்லாத சாவியைப் படிப்பதும், ‘ஆப்ஜெக்ட்’ எனப்படும் நிரல் பொருளில் இல்லாத பண்பைப் படிப்பதும் அதே பதிப்பில்தான் உயர்ந்தன.

ஒரு படி உயர்ந்ததற்கா இவ்வளவு வேறுபாடு என்று தோன்றலாம். இங்கேதான் வேர்ட்பிரஸ் வருகிறது. டபிள்யூபி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில், பிழை தேட உதவும் டீபக் வசதி அணைந்திருக்கும்போது, எந்தெந்தத் தரத்து முறையீடுகளைக் கேட்பது என்று வேர்ட்பிரஸ் தானே ஒரு பட்டியல் வைக்கிறது. அந்தப் பட்டியலில் நோட்டீஸ் இல்லை, வார்னிங் உண்டு. அதனால் பத்து ஆண்டுகளாகச் செருகுநிரலில் இருந்த பிழை, 8.0-க்கு வந்த அன்றே வடிகட்டியைத் தாண்டிவிட்டது. பிழை பழையது, குரல்தான் புதியது.

இன்னொன்றும் உண்டு. டீபக்கை அணைத்துவிட்டால் திரையில் எதுவும் வராது என்று பலர் நம்புகிறார்கள். அணைந்த நிலையில் வேர்ட்பிரஸ் ‘எதைக் கேட்பது’ என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. ‘திரையில் காட்டுவதா’ என்பதை சர்வரின் பிஎச்பி அமைப்புக்கே விட்டுவிடுகிறது. ஹோஸ்டிங்கில் ‘டிஸ்ப்ளே எரர்ஸ்’ இயங்கிக்கொண்டிருந்தால் வாடிக்கையாளர் எல்லாவற்றையும் பார்ப்பார்.

பயந்துபோய் பதிப்பை 7.4-க்கே இறக்கிவிடலாமா? கூடாது. 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பர் 28-உடன் நின்றுவிட்டன. பணம் வாங்கும் தளத்தை அதில் ஓட்டுவது ஓர் எச்சரிக்கை வரியைவிடப் பெரிய ஆபத்து.

## திரையில் தெரிவதால் என்ன கெடும்?

பார்க்க அசிங்கமாக இருப்பது இதில் மிகச் சிறிய பாதிப்பு.

1. பாதை வெளியாகிறது. எச்சரிக்கை வரியில் கோப்பின் முழு முகவரி இருக்கிறது. ஹோஸ்டிங் கணக்கின் பயனர்பெயரும் செருகுநிரலின் பெயரும் அதிலேயே அடங்கியிருப்பது வழக்கம். தாக்க நினைப்பவருக்கு அது தேடாமல் கிடைத்த வரைபடம்.

2. திருப்பிவிடுதல் நின்றுபோகும். சர்வர் ஒரு பக்கத்தை அனுப்பும்போது தலைப்புத் தகவல்கள் முதலில் போகும், உள்ளடக்கம் பின்னால் போகும். குக்கீயும், ‘வேறு பக்கத்துக்குப் போ’ என்ற கட்டளையும் தலைப்பில் இருப்பவை. எச்சரிக்கை என்பது உள்ளடக்கம். அது முந்திக்கொண்டு வெளியே போய்விட்டால் பிறகு தலைப்பை அனுப்ப முடியாது. ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ என்ற இரண்டாவது எச்சரிக்கை அதனால்தான் வருகிறது. பணம் செலுத்திவிட்டு வருபவரை நன்றிப் பக்கத்துக்கு அனுப்ப வேண்டிய இடத்தில் இது நடந்தால், பணம் போயிருக்கும், ஆனால் அவர் பாதிப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். சில சர்வர்களில் வெளியீட்டைச் சிறிது சேர்த்துவைத்து அனுப்பும் அமைப்பு இருப்பதால் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. ஓரிடத்தில் ஓடுவது இன்னோரிடத்தில் நிற்பதற்கு அது ஒரு காரணம்.

3. தரவு ஓடைகள் கெடும். பொருள் பட்டியலை எக்ஸ்எம்எல் கோப்பாக விளம்பரத் தளங்களுக்குக் கொடுக்கும் செருகுநிரல்களில், முதல் வரிக்கு முன் ஓர் எழுத்து நுழைந்தாலும் மறுபக்கம் கோப்பை ஏற்காது.

ஆகவே முதல் வேலை, வாடிக்கையாளர் கண்ணிலிருந்து எச்சரிக்கையை எடுத்து நம் கண்ணுக்குக் கொண்டுவருவது. டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் டபிள்யூபி_டீபக் ‘ட்ரூ’, டபிள்யூபி_டீபக்_டிஸ்ப்ளே ‘ஃபால்ஸ்’, டபிள்யூபி_டீபக்_லாக் ‘ட்ரூ’ என்று மூன்றையும் சேர்த்து வைக்க வேண்டும். பதிவு டபிள்யூபி-கன்டென்ட் கோப்புறையில் டீபக்.லாக் என்ற பெயரில் சேரும். சர்வரில் தடுத்து வைக்காவிட்டால் அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் உலாவியில் திறந்து படிக்கலாம். வேர்ட்பிரஸ் 5.1 முதல் ‘ட்ரூ’ என்பதற்குப் பதில் ஒரு கோப்புப் பாதையையே கொடுக்க முடியும். தளத்துக்கு வெளியே ஓர் இடத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

## எச்சரிக்கை காட்டும் வரி பிழை இருக்கும் வரி அல்ல

எச்சரிக்கையில் மாறியின் பெயர், கோப்பு, வரி எண் ஆகிய மூன்றும் இருக்கும். அந்த வரி எண், மாறியைப் *படித்த* இடம். நாம் தேட வேண்டியது அது *பிறந்திருக்க வேண்டிய* இடத்தை. எனவே அந்த வரியிலிருந்து மேல்நோக்கிப் போய், அதே ஃபங்ஷனுக்குள் (ஒரு வேலைக்கான நிரல் தொகுதிக்குள்) அந்தப் பெயருக்கு எங்கெல்லாம் மதிப்பு தரப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கடைச் செருகுநிரல்களில் பெரும்பாலும் கிடைக்கும் விடைகள் இவை:

1. ஒரு கிளையில் மட்டும் பிறப்பு. ‘கூப்பன் இருந்தால் $தள்ளுபடி = 50’ என்று மட்டும் இருக்கும். கூப்பன் இல்லாவிட்டால் என்ன என்று எழுதியிருக்காது.

2. எல்லை. பிஎச்பியில் ஃபங்ஷனுக்குள் இருப்பவருக்கு வெளியே உள்ள மாறி தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட் பழகியவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது. வூகாமர்ஸில் நடப்புப் பொருளைக் குறிக்கும் பொது மாறியை, ஃபங்ஷனுக்குள் ‘குளோபல்’ என்று சொல்லி அழைக்காமல் பயன்படுத்துவது இந்த வகைப் பிழை. வேர்ட்பிரஸில் நம் நிரலைக் கோக்கும் இடங்களான ஹூக்குகளுக்குப் பெயரில்லாத ஃபங்ஷனைக் கொடுக்கும்போது, வெளி மாறியை உள்ளே தரும் ‘யூஸ்’ பகுதியை மறப்பதும் இதேதான்.

3. எழுத்துப் பிழை. $தள்ளுபடி என்று பிறந்து $தள்லுபடி என்று படிக்கப்படுவது. ஆங்கில எழுத்துகளில் எழுதும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் கணக்கில் வரும்.

4. பழைய வார்ப்பு. இது வூகாமர்ஸுக்கே உரியது. வண்டிப் (கார்ட்) பக்கம், பில் பக்கம் போன்றவற்றை அமைக்கும் வார்ப்புக் (டெம்ப்ளேட்) கோப்புகளை, தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமுக்குள் ‘வூகாமர்ஸ்’ என்ற கோப்புறையில் நகலெடுத்து மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. வார்ப்புக்குத் தேவையான மதிப்புகளை வூகாமர்ஸ் ஓர் அர்ரேயாகக் கொடுத்து, அதைப் பிரித்து மாறிகளாக்குகிறது. மூலச் செருகுநிரல் புதுப்பிக்கப்பட்டு ஒரு மாறியை அனுப்புவதை நிறுத்திவிட்டாலும், தீமிலுள்ள நகல் அதையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கோப்பில் மட்டும் எவ்வளவு தேடினாலும் பிறப்பிடம் கிடைக்காது. வூகாமர்ஸின் ‘ஸ்டேட்டஸ்’ பக்கத்தின் கீழ்ப்பகுதி எந்த நகல் காலாவதியானது என்று காட்டும். பெயருக்கு ஒரு 0 போடுவது இங்கே தவறான மருந்து. புதிய மூல வார்ப்பை எடுத்து, நம் மாற்றத்தை அதில் மீண்டும் செய்வதுதான் சரி.

5. படிவத்தில் வராத புலம். உலாவி, டிக் செய்யாத பெட்டியை சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ‘பரிசு உறை வேண்டுமா’ என்ற பெட்டியை வாடிக்கையாளர் தொடாவிட்டால், படிவ அர்ரேயில் அந்தச் சாவியே இருக்காது. ‘அன்டிஃபைன்ட் அர்ரே கீ’ என்று வருவது இதுதான், மேலே சொன்னதன் உடன்பிறப்பு.

## மூன்று பலகாரம், ஒரு கணக்கு

முதல் வகைப் பிழை, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழலுக்குள் (லூப்) வரும்போது நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். எச்சரிக்கையை நம்பி மட்டும் வேலை செய்ய முடியாது என்பது இங்கேதான் தெரியும்.

வண்டியில் மூன்று பொருள் என்று வைத்துக்கொள்வோம். அதிரசம் 200 ரூபாய், முறுக்கு 150, சீடை 180. முறுக்குக்கு மட்டும் 50 ரூபாய் தள்ளுபடி. சரியான மொத்தம் 480. செருகுநிரல் ஒவ்வொரு பொருளாக எடுத்து, ‘தள்ளுபடி இருந்தால் $தள்ளுபடிக்கு மதிப்பு கொடு’ என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் இப்படிக் கூட்டுகிறது:

$மொத்தம் += $விலை - $தள்ளுபடி;

முதல் சுற்றில் அதிரசம். தள்ளுபடி இல்லை, மாறியும் பிறக்கவில்லை. எச்சரிக்கை வருகிறது. வெற்று மதிப்பு 0 ஆகி, 200 கூடுகிறது. தொகை சரி.

இரண்டாம் சுற்றில் முறுக்கு. $தள்ளுபடி 50 ஆகப் பிறக்கிறது. 100 கூடுகிறது. அதுவும் சரி.

மூன்றாம் சுற்றில் சீடை. இதற்குத் தள்ளுபடி இல்லை. ஆனால் முந்தைய சுற்றில் பிறந்த 50 இன்னும் அங்கேயே இருக்கிறது. பிஎச்பியில் சுழலின் ஒரு சுற்று முடிந்தால் உள்ளே பிறந்த மாறி அழிவதில்லை. 180-க்குப் பதில் 130 கூடுகிறது. எச்சரிக்கை ஏதும் இல்லை. மொத்தம் 430.

எச்சரிக்கை வந்த சுற்றில் தொகை சரியாக இருந்தது, வராத சுற்றில் 50 ரூபாய் போனது. வாடிக்கையாளர் முறுக்கை முதலில் வண்டியில் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். முறுக்கு 100, அதிரசம் 150, சீடை 130, ஆக மொத்தம் 380. கடைக்கு 100 ரூபாய் நட்டம். பதிவுக் கோப்பில் ஓர் எச்சரிக்கைகூட இருக்காது.

இப்போது ஒருவர் ‘சரிசெய்கிறார்’. சுழல் தொடங்குவதற்கு முன் $தள்ளுபடி = 0; என்று எழுதுகிறார். எச்சரிக்கை போய்விடுகிறது. முதல் வரிசையில் மொத்தம் இன்னும் 430தான். முன்பு பிழையைக் காட்டிக்கொடுத்த ஒரே அடையாளமும் இப்போது இல்லை. அதே வரியைச் சுழலுக்கு *உள்ளே*, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தில் வைத்தால்தான் 480 வரும். $மொத்தம் = 0; என்பதோ நேர்மாறாகச் சுழலுக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே வைத்தால் ஒவ்வொரு முறையும் அழிந்துவிடும். எழுதும் வரி ஒன்றுதான், வைக்கும் இடத்தில்தான் பில் தொகை இருக்கிறது.

## என்ன மதிப்பைக் கொடுப்பது?

இதை நிரல் எழுதுபவர் மட்டும் தீர்மானிக்க முடியாது, கடையின் வழக்கம் தெரிந்தவரைக் கேட்க வேண்டும்.

தள்ளுபடி இல்லையென்றால் 0, கூட்டிச் சேர்க்கும் தொகைக்கு 0, ஒட்டிச் சேர்க்கும் எழுத்துத் தொடருக்கு வெற்றுத் தொடர், பட்டியலுக்கு வெற்று அர்ரே. இவற்றில் குழப்பம் இல்லை. கணக்குத் தொடங்காமல் வாங்க வரும் விருந்தினருக்கு வேர்ட்பிரஸே பயனர் எண்ணாக 0 தருகிறது, அதையே பின்பற்றலாம்.

விலைக்கும் வரி விகிதத்துக்கும் அனுப்புச் செலவுக்கும் அப்படிச் செய்யக் கூடாது. விலை கிடைக்கவில்லை என்பதும் விலை 0 என்பதும் ஒன்றல்ல. முதலாவது ஒரு கோளாறு, இரண்டாவது இலவசம். வரி விகிதம் கிடைக்காதபோது 0 போட்டால், வாங்கத் தவறிய வரியைக் கடைக்காரர் தன் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். இத்தகைய இடங்களில் ஆர்டரை நிறுத்தி, காரணத்தைப் பதிவில் எழுதி, வாடிக்கையாளரிடம் மீண்டும் முயலச் சொல்வதே சரி. ஓர் ஆர்டர் தாமதமாவதைத் திருத்திவிடலாம். 0 ரூபாய்க்குப் போன நூறு ஆர்டர்களைத் திருப்பிக் கேட்க முடியாது.

கருவிகளைப் பொறுத்தவரை நான்கு செய்திகள் போதும்.

1. இரட்டைக் கேள்விக்குறி (??) 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. $உறை = $படிவம்['பரிசு_உறை'] ?? 'இல்லை'; என்று எழுதினால், சாவி இல்லாதபோது ‘இல்லை’ என்பதை எடுத்துக்கொள்ளும். வராமலிருக்க உரிமையுள்ள புலங்களுக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் எழுத்துப் பிழையையும் இதுவே மூடிவிடும். $தள்லுபடி ?? 0 என்று எழுதிய வரி எந்நாளும் 0 தரும், எந்நாளும் வாய் திறக்காது. நாமே பிறப்பிக்க வேண்டிய மாறிக்கு இதைப் போடுவதை நான் ஏற்பதில்லை.

2. மாறி இருக்கிறதா என்று பார்க்கும் ‘இஸ்செட்’ என்பது, மாறி இருந்தும் அதன் மதிப்பு வெற்றாக இருந்தால் ‘இல்லை’ என்றே சொல்லும்.

3. காலியா என்று பார்க்கும் ‘எம்ப்டி’ இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. அதன் கணக்கில் 0-வும் ‘0’ என்ற எழுத்தும் காலிதான். கையிருப்பு 0 என்று வந்த செய்தியையும் கையிருப்புச் செய்தியே வரவில்லை என்பதையும் அதனால் பிரித்தறிய முடியாது.

4. வரிக்கு முன் அட் குறி (@) போட்டு எச்சரிக்கையை அடக்குவது திருத்தமே அல்ல.

## பிறர் எழுதிய செருகுநிரல் என்றால்

செருகுநிரலின் கோப்பை நேரடியாகத் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் அது அழிந்துவிடும். ஆகையால் முதலில் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள், 8.0-க்கான திருத்தங்களைப் பலர் ஏற்கெனவே வெளியிட்டுவிட்டார்கள். இல்லையென்றால் கோப்பு, வரி எண், பிஎச்பி பதிப்பு, எந்தச் செயலின்போது வருகிறது ஆகிய நான்கையும் எழுதி உருவாக்கியவருக்கு அனுப்புங்கள். அவசரத் திருத்தம் தேவைப்பட்டால் தளத்தின் சோதனை நகலில் செய்து பார்த்து, என்ன மாற்றினோம் என்று குறித்துவையுங்கள். பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத செருகுநிரல் என்றால் மாற்றைத் தேடுவதே மேல்.

திருத்திய பின் சோதிக்கும்போது, எச்சரிக்கை வந்த வழியை மட்டும் ஓட்டிப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. கூப்பனோடு, கூப்பன் இல்லாமல், விருந்தினராக, கணக்கு உள்ளவராக, தள்ளுபடிப் பொருளை முதலில் போட்டு, கடைசியில் போட்டு, காலி வண்டியோடு என்று ஒவ்வொன்றாக ஆர்டர் போட்டு, தொகையைக் கையால் கூட்டி ஒப்பிட வேண்டும்.

## 9.0 வரும்போது

பொபோவின் 2019 திட்டத்திலேயே, இல்லாத மாறியைப் படித்தால் ஓட்டத்தை நிறுத்தும் பிழையாக்கிவிடலாமா என்ற வாக்கெடுப்பு இருந்தது. தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் வார்னிங்கோடு நின்றது. பிறகு மார்க் ராண்டால் என்பவர் இதற்கெனக் கொண்டுவந்த தனித் திட்டம் 2022-இல் ஏற்கப்பட்டது. அதன்படி பிஎச்பி 9.0-இல் இது எச்சரிக்கையாக இராது, பிடிக்கப்படாவிட்டால் பக்கத்தையே நிறுத்தும் பிழையாக இருக்கும். 8.0 முதலே அட் குறியால் அத்தகைய பிழைகளை அடக்க முடியாது. இன்று திரையிலிருந்து மறைத்துவைத்த ஒவ்வொரு வரியும் அன்று பில் பக்கம் திறக்காத காரணமாகிவிடும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பிஎச்பிஸ்டேன் என்ற இலவசக் கருவி நிரலை ஓட்டாமலேயே படித்துப் பார்க்கிறது. அதன் 0 நிலை, எந்த வழியிலும் பிறக்காத மாறிகளைக் காட்டும். 1-ஆம் நிலை, சில வழிகளில் மட்டும் பிறக்காமல் போகக்கூடியவற்றையும் காட்டும். வாடிக்கையாளர் ஒருவர் அந்த வழியாகப் போய் எச்சரிக்கையைக் கிளப்பும்வரை பதிவுக் கோப்பு சும்மா இருக்கும், இந்தக் கருவிக்கு ஆர்டரே தேவையில்லை. மேலே பார்த்த பலகாரக் கணக்கில் முறுக்கை முதலில் போட்டால் பதிவில் எதுவும் வராது. ஆனால் $தள்ளுபடி பிறக்காமல் போகலாம் என்பதை 1-ஆம் நிலை எந்த வரிசையிலும் சொல்லிவிடும். அது சொன்ன பிறகு, 0-வைச் சுழலுக்கு உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று பார்க்க வேண்டியவர் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருப்பவர்தான்.